அப்பாவுக்கு ஐம்பத்தைந்து மார்க்

1

போன செவ்வாய்க்கிழமை முனுசாமி அண்ணன் அறுபத்தைந்து மார்க் வாங்கினார். அவர் மனைவி ராசம்மா அக்கா ஒரு டப்பா நிறையப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நான் வேலை பார்க்கும் மையத்துக்கே வந்துவிட்டார். "மிஸ்ஸி, இவரு ஸ்கூல்ல படிச்சப்பகூட இவ்ளோ வாங்கல லா!" என்று வாசலிலேயே சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களப் பெத்த அப்பா குடுத்து வச்சவரு மிஸ்ஸி. அவருக்கு ஒண்ணுன்னா நீங்க எப்பிடிப் பாப்பீங்க!"

பணியாரம் பஞ்சு மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் நான்கு தின்றேன். தின்று முடித்துக் கையைக் கழுவும்போதுதான், என் அப்பாவுக்கு ஒன்று என்றபோது நான் எப்படிப் பார்த்தேன் என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஊரில் இதைப் படிக்கிறவர்களில் என் அண்ணனும் மதினியும் இருப்பார்கள். படிக்கட்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மலேசியாவில் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணவர் இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது செனாவாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு மகள், பதின்மூன்று வயது. என் வேலை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஊரில் இதைச் சொன்னால் "ஓ, பிசியோவா?" என்பார்கள். இல்லை. பிசியோ காலை நடக்க வைப்பார். நடந்து போய்ப் பல் விளக்க, சட்டை போட, சோறு பிசைந்து தின்ன வைப்பது நான். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடியும் சின்ன வகுப்பு எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மையம் சிரம்பானில் லோபாக் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் காரை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போவேன். தோட்டம் என்றால் இப்போது முக்கால்வாசி செம்பனைதான், பாமாயில் எடுக்கிற மரம். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளில் நம் ஆட்கள் ஒரு சிலர் மிச்சம் இருக்கிறார்கள். மற்றவர்கள் டவுனுக்கு வந்துவிட்டார்கள்.

2

எங்கள் தொழிலின் மூலதனம் ஒரு தாள். உலகம் முழுக்க ஒரே தாள்தான். பத்துக் கேள்விகள், நூறு மார்க். தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, தலை சீவுகிறாரா, உடுத்துகிறாரா, மலம், சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கழிவறைக்குப் போகிறாரா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, நடக்கிறாரா, படி ஏறுகிறாரா. மார்க் ஐந்து ஐந்தாகத்தான் நகரும். அறுபதுக்குக் கீழே என்றால் எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். அறுபதைத் தொட்டால் கொஞ்ச நேரம் தனியே விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இது எங்களுக்குள் புழங்கும் ஒரு கணக்கு.

இந்தத் தாளில் ஒரு கறாரான விதி உண்டு. அவரால் என்ன முடியும் என்பது கேள்வி இல்லை. தினமும் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. நம் ஜனங்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் முனுசாமி அண்ணனை முதல் தடவை பார்க்கப் போனபோது, ராசம்மா அக்கா அவருக்குச் சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். நீளமான கம்பில் அரிவாளைக் கட்டி செம்பனைக் குலை வெட்டின மனிதர், குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இவருக்கு வலது கை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு மிஸ்ஸி. பாவமா இருக்குல்ல, அதான்."

"நீங்க ஊட்டினா ஜீரோ."

அக்கா கையில் சோற்றோடு அப்படியே நின்றுவிட்டார். "என்னா மிஸ்ஸி இது? நான் ஊட்டுனா அவருக்கா ஜீரோ?"

இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. நான் வருகிறேன் என்றதும் நோயாளிக்குச் சட்டை போட்டு, தலை சீவி, பவுடர் அடித்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல உட்கார வைத்திருப்பார்கள். பரீட்சை என்றால் நம் ஆட்களுக்கு மார்க் வாங்கியே ஆக வேண்டும். "இவருதான் மிஸ்ஸி பட்டன் போட்டாரு" என்று கூசாமல் சொல்வார்கள். பட்டனைக் கழற்றிவிட்டு, "எங்கே, இன்னொரு தடவை போடுங்க பார்ப்போம்" என்பேன். என்னை ஏமாற்ற முடியாது என்று இந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நான் ஏமாற்றுவேன். முனுசாமி அண்ணனுக்கே செய்திருக்கிறேன். எங்கள் மையத்து வேனில் தினமும் ஏற்றி வர வேண்டுமானால் ஐம்பது மார்க்காவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அவருக்கு அன்றைக்கு நியாயமாக நாற்பத்தைந்துதான். அந்த வாரம் ஒருமுறை வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்டது என்று அக்கா சொல்லியிருந்தார். வாரத்தில் ஒருமுறை நனைந்தாலும் சிறுநீருக்குப் பத்து கிடையாது, ஐந்துதான். ஆனால் அந்த லயனில் கழிவறை பின்பக்கம் தனியாக இருக்கிறது. அன்றைக்குக் கொட்டு கொட்டு என்று மழை. ஒற்றைக்கால் பலத்தில் அந்தச் சேற்றைத் தாண்ட நல்ல மனிதனாலேயே முடியாது. மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வார்? பத்து போட்டேன். ஐம்பது ஆயிற்று. அவர் வேனில் ஏறினார். இன்றைக்கு அறுபத்தைந்து.

இதில் எனக்கு வருத்தமே இல்லை.

3

என் அப்பா நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இடது பக்கம் முழுக்கப் போயிற்று. நல்லவேளை பேச்சு போகவில்லை. நல்லவேளை என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான்தான் பெரிய ஆள். "அவ மலேசியாவுல இதே வேலைதாம் பாக்கா" என்று அண்ணன் நர்சுகளிடம் பெருமையடித்துக்கொண்டார். நானும் தாளை எடுத்து அப்பாவுக்கு மார்க் போட்டேன். இருபத்தைந்து. செயலற்ற கையை முதலில் நுழைத்துச் சட்டை போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மதினிக்கு எப்படித் தூக்குவது, எங்கே பிடிப்பது, எங்கே பிடிக்கக் கூடாது என்று காட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா கேட்டார்.

"எம்மா, உன் வீட்ட நான் ஒரு தடவகூடப் பாக்கலையே. என்னக் கூட்டிட்டுப் போயிருவியா?"

அதுவரை பன்னிரண்டு வருடத்தில் அவர் வந்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை, பேச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறேனே தவிர.

"இப்ப எப்படிப்பா? நீங்க அறுபது மார்க் எடுங்க. எடுத்த அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். அங்கயே எங்ககூட இருங்க."

"அறுபதா? எடுத்துட்டாப் போச்சு."

அந்த நேரத்தில் அது பொய் இல்லை. அந்த வயதில், அந்த அடியில், அறுபது வராது என்று எனக்குத் தொழில்முறையாகத் தெரியும். வராது என்று தெரிந்துதான் சொன்னேன். பொய் இல்லை என்று எழுதிய கையோடு இதையும் எழுதிவிடுகிறேன்.

4

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கே காலை பதினொன்று, அங்கே எட்டரை. மதினி போனைப் பிடிப்பாள், நான் பார்ப்பேன். மாதத்துக்கு ஒருமுறை தாளை எடுத்து முறைப்படி மார்க் போடுவேன். தாளைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். அப்பா அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது மாதம் நாற்பது. ஆறாவது மாதம் ஐம்பது. அறுபதுக்கு இன்னும் பத்துதானா என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

"இந்த மனுசன் தூங்கவே மாட்டேங்காரு சுபா. கோழி கூவங்குள்ள எந்திச்சு உக்காந்து சட்டையப் போடுதாரு, கழத்துதாரு, போடுதாரு, கழத்துதாரு" என்று மதினி சொன்னாள். அவளுக்குப் பெருமை. அவளுக்குக் கொஞ்சம் விடிவும் தெரிந்திருக்கும். பெற்ற மகள் மாதிரித்தான் பார்த்துக்கொண்டாள். பெற்ற மகள் எப்படி என்பதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "வந்தா வரட்டும்லா. கீழ ரூம் சும்மாதான் கெடக்கு. அயர்ன் பண்ற மேசையும் பாப்பாவோட சைக்கிளும்தானே இருக்கு. மாத்திரலாம்" என்றார். அவர் தடுத்திருந்தால் பழியை அவர் தலையில் கட்டியிருப்பேன். அந்த வசதியையும் அவர் தரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அப்பா குடிகாரரா, அம்மாவை அடித்தாரா, என்னைப் படிக்க விடவில்லையா? ஒன்றும் இல்லை. கல்லூரி விடுதியில் என்னைச் சேர்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை போய், பாதியில் திரும்பி வந்து, கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று திருகி வைத்துவிட்டுப் போனவர். கெட்ட அப்பாவாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

காரணம் இதுதான். நான் பகல் முழுக்க அடுத்தவர்கள் உடம்பைத் தூக்குகிறேன், திருப்புகிறேன், துடைக்கிறேன், அவர்கள் குடல் கதையைக் கேட்கிறேன். சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்தினால் எனக்கு யாருடைய உடம்பும் வேண்டாம். என் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

5

எட்டாவது மாதம் ஐம்பத்தைந்து. உடுத்துவதில் ஐந்து மார்க் குறைகிறது. அதை எடுத்துவிட்டால் அறுபது.

அடுத்த ஞாயிறே சட்டையை மூன்று நிமிடத்தில் போட்டுக் காட்டினார். "பாத்தியாம்மா?" என்றார். மூச்சு வாங்கியது.

"கூட மதினி நிக்காங்களே. பக்கத்துல ஆள் நின்னாலே அது உதவிதான்பா."

"அவ போனப் பிடிச்சிக்கிட்டுல்லா நிக்கா!"

"அதெல்லாம் தாள்ல கிடையாது."

அடுத்த முறை போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு மதினியை வெளியே போகச் சொல்லிவிட்டார். தனியாகப் போட்டார். எல்லாப் பட்டனும் போட்டார். நான் கழுத்துப் பட்டனையும் போடச் சொன்னேன். ஊரில் எந்த ஆண்பிள்ளை கழுத்துப் பட்டன் போடுகிறான்? போட்டார்.

"வேட்டி?" என்றேன்.

ஒரு கையால் வேட்டி கட்ட முடியாது. நீங்களே கட்டிப் பாருங்கள். இங்கே இருக்கும் என் நோயாளிகளுக்கு எலாஸ்டிக் வைத்த கால்சட்டை தைக்கச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவர் வேட்டி முனையைக் கையில் பிடித்துப் பார்த்தார். சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மில் பிட்டரைப் பற்றி நான் மறந்துவிட்டேன். அடுத்த மாதம் பழைய இடுப்பு பெல்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் துணி மாட்டும் கிளிப்புகள் இரண்டு. ஒரு கிளிப்பில் வேட்டியின் ஒரு முனையை மாட்டி, சுவரில் முதுகைக் கொடுத்துச் சுற்றி, மறு முனையை இன்னொரு கிளிப்பில் மாட்டி, தொடையால் அழுத்தி நிமிர்ந்து நின்றார். வேட்டி நின்றது. கருவி வைத்துச் செய்தாலும் முழு மார்க் உண்டு என்று தாளிலேயே எழுதியிருக்கிறது. அதைத் தமிழில் எழுதி அனுப்பியதும் நான்தான்.

"என்னட்டி, பேச்சக் காணும்? அறுபதா?" என்று கேட்டார். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

"கூட்டிப் பாத்துச் சொல்லுதேம்பா" என்று வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு மதினியைத் தனியாக அழைத்தேன். தேன் ஒழுகப் பேசினேன். "மதினி, இந்த வாரம் எப்பவாச்சும் நனைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரம் கரண்டு போயிட்டு. தடவித் தடவிப் போறதுக்குள்ள லேசா… ஒரே ஒரு தடவதான். பாவம், ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தாரு."

மறு ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன். "உடுத்துறதுல பத்து. ஆனா யூரின்ல ஐந்து குறையுதுப்பா. புதன்கிழமை நனைச்சிட்டீங்களாமே. அதனால ஐம்பத்தைந்துதான்."

மதினி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் ஆடியது. அப்பா போனைப் பார்க்கவில்லை, போனுக்கு மேலே அவள் முகத்தைப் பார்த்தார். மருமகள் தன் மூத்திரக் கதையைக் கடல் தாண்டிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தார்.

"அன்னைக்கு கரண்டு இல்லம்மா" என்றார்.

"காரணம் எழுத இதுல இடமில்லப்பா."

அன்றோடு அப்பா மதினியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் சொம்பைத் தட்டுவாராம்.

6

சாப்பாட்டு மேசையில் என் தாள்கள் பரவிக் கிடந்தன. மகள் சாப்பிட்டுக்கொண்டே அவற்றைப் புரட்டினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான்கு வரி சேர்ந்தாற்போல் பேசவும் வராது. வீட்டிலேயே ஆங்கிலமும் மலாயும் கலந்துதான். இவள் தாத்தாவோடு என்ன பேசப் போகிறாள் என்பதையும் நான் ஒரு காரணமாக வைத்திருந்தேன். ஆனால் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

"அம்மா, அந்த எஸ்டேட் அங்கிள்கூட வெட் பண்ணிட்டார்னு சொன்னீங்கதானே? ரெயின்ல?"

"ஆமா, அதுக்கு என்ன?"

"அவருக்கு டென் போட்டிருக்கீங்க. தாத்தாவுக்கு ஏன் ஃபைவ்?"

"அது வேற கேஸ்."

"சேம் கேஸ் லா. அங்கிளுக்கு ரெயின், தாத்தாவுக்கு கரண்ட் இல்ல. நாட் ஃபேர் லா, மா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூடிட்டுச் சாப்பிடு" என்று கத்தினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறோம். அன்றைக்கு அவள் இன்னும் கொஞ்சம் விலகிப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

7

அப்பா மனம் தளரவில்லை. அடுத்த வாரம் அவரே கேட்டார். "சரி, போனது போகட்டு. இங்க கரண்டு இனியும் போவும்லா. வேற எதுல அஞ்சு மார்க்கு கெடைக்கும், நீயே சொல்லு."

குளியல் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் ஒரு கைப்பிடி, ஒரு நீளமான பிரஷ். பிட்டருக்கு ஒரு மாத வேலை. என் நோயாளிகள் எல்லோருக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

"மாடிப்படி" என்றேன். "ஒரு ஆள் துணையோட ஏறினாக்கூட ஐந்து உண்டு. எங்க வீட்டுல பெட்ரூம் எல்லாம் மாடியிலதான்பா." கீழே சும்மா கிடக்கும் ரூமை நான் சொல்லவில்லை.

அண்ணன் வீடு தரைத்தளம். வெளிப்பக்கமாக மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு, கைப்பிடி இல்லாதது. துணி காயப்போட மதினி மட்டும்தான் அதில் ஏறுவாள். அப்பா அந்தப் பக்கமே போக மாட்டார், நடக்காத காரியம், விட்டுவிடுவார் என்றுதான் சொன்னேன். விழுவார் என்று நினைக்கவில்லை. இதை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். கைப்பிடி இல்லாத படியைப் பார்த்தால் யார் விழுவார்கள், எப்படி விழுவார்கள் என்று சொல்வதுதான் என் தொழில்.

ஒரு ஆள் துணையோடு என்றுதான் சொன்னேன். ஆனால் வீட்டில் பகலில் இருக்கிற ஆள் மதினி ஒருத்திதான். அவளிடம்தான் அவர் பேசுவதில்லையே. அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தனியாகப் போயிருக்கிறார். நான்காவது படி வரை ஏறியிருக்கிறார். அங்கிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசினார். "சுபா, இவரு எதுக்குளா மாடிப்படில ஏறினாரு? நீ எதுவும் சொன்னியா?"

"நான் என்ன சொல்லப் போறேன்? பத்திரமா இருங்கன்னுதான் வாரா வாரம் சொல்லுதேன்" என்றேன். "மதினி எங்க போயிருந்தாங்க? தனியா விட்டுட்டா போவாங்க?" என்றும் கேட்டேன்.

அதைக் கேட்டேன். மதினி, நீ இதைப் படித்தால், அதைக் கேட்டது நான்தான். அண்ணன் உன்னைத் திட்டியிருப்பார்.

ஊருக்குப் போகவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் பாஸைப் புதுப்பிக்கும் நேரம் அது. பாஸ்போர்ட்டைக் குடிநுழைவு அலுவலகத்தில் வைத்துக்கொண்டு மறுவாரம் வரச் சொல்லியிருந்தார்கள். "பாஸ்போர்ட்டே கையில இல்லண்ணே, இந்த நாட்டு ரூல்ஸ் அப்பிடி" என்றேன். ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். வெளிநாட்டு அலுவலகம் என்றால் ஊருக்குப் பயம்தானே. உண்மையில், கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டில் அவசரம் என்றால் ஒரு கடிதம் கொடுங்கள் அக்கா, அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம் என்றாள். நல்ல பெண். நான் கடிதம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அப்பா எழுந்திருக்கவே இல்லை. படுக்கையில் எல்லாம். முதுகில் புண் வந்துவிட்டது. மதினிதான் துடைக்கிறாள், திருப்புகிறாள், அவர் பேசாமலேயே. தாள் எடுத்து மார்க் போடவில்லை என்றாலும் பார்த்தாலே தெரியும், பதினைந்து. கள்ளமில்லாமல் நான் கடைசியாகப் போட்ட மார்க் இதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு அடியில், அப்பாடா என்று இருந்தது. இதற்குமேல் என்ன ஒளிக்க இருக்கிறது.

8

இந்த நிலைமையில்தான் ராசம்மா அக்கா பணியாரத்தோடு வந்து, என் அப்பா குடுத்து வச்சவர் என்று அந்த வார்த்தையைச் சொன்னது. வாரம் பூராவும் அது மனதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது? எனக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் கொடுக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. இனி அவரால் எங்கேயும் வர முடியாது. ஆகவே இனி அதைக் கொடுக்கலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மதினி போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அப்பா ஒருச்சாய்ந்து படுத்திருந்தார். முகம் சின்னதாகிவிட்டது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் என் தாள் இன்னும் இருந்தது.

"அப்பா, பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்தேன். அந்த வேட்டி கட்டிக் காட்டினீங்கள்ல, அன்னைக்கு நான் தப்பாக் கூட்டிட்டேன்பா. அறுபது வந்திருக்கு. நீங்க அறுபது எடுத்துட்டீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். அல்லது அழுவார், நானும் கூடச் சேர்ந்து அழுது தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் இரண்டும் செய்யவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பி மதினியிடம் பேசினார். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"ஏளா, கேட்டியா? அறுபதாம். என் பொட்டிய எடுத்து வையி. வெள்ளச் சட்ட ரெண்டு, வேட்டி ரெண்டு. அந்த பெல்ட்டையும் மறக்காம வையி."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "டிக்கெட்டு என்னைக்கும்மா போடுத?"

கேலி செய்கிறாரா என்று முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. புத்தி பிசகியிருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

"அப்பா, லைன் சரியில்லப்பா. ஒண்ணும் கேக்கல" என்றேன். எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நல்ல கையைக் கட்டிலில் ஊன்றித் தலையைத் தூக்கி, இன்னும் சத்தமாகக் கேட்டார்.